மச்சான் புடிக்க வேண்டிய கயிறு

முங்கிட்டா. கடேசியா தெரிஞ்சது அந்த மஞ்ச செருப்பு ரெண்டுந்தான், தவளக்கால் மாதிரி நீட்டமா, தண்ணிய ஒரு தட்டு தட்டிட்டு உள்ள போயிட்டு. போறவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக்கூடாதா. வாயில ரப்பரக் கவ்விக்கிட்டு எங்கேந்து சொல்ல. இத்தன வருசத்துல ஏம் பொண்டாட்டி ஜெனோவா எனக்கு எதிர்ப்பேச்சு பேசாம இருக்க நேரம் இது ஒண்ணுதான், அதுக்காகவே அந்த ரப்பரக் கண்டுபிடிச்சவனுக்கு மாதா கோயில்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்தணும். இனி நானும் பப்பாளியுந்தான். பப்பாளின்னா இந்தத் தோணி. கயாக்குன்னு சொல்லணுமாம், விபின் சாரு வாயத் தொறந்து நாக்கக் காட்டியே சொல்லிக் குடுத்தாரு, எனக்கு வருவனாங்கு. பழுத்த பப்பாளிய நெடுக்க அறுத்து வெதய வழிச்சுப் போட்டு தண்ணில விட்டா எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கு, நெறமும் அதே நெறம். நான் வள்ளத்துல பொறந்தவன். வள்ளம்னா அதுக்கு ஒரு மரியாத உண்டு. இது பிளாஸ்டிக்கு, தும்முனா சாயுது. ஆனா வள்ளத்த இந்தப் பாருக்கு மேல கொண்டுவர முடியாது, கீழ பூராவும் பவளம், தண்ணி வத்துன நேரத்துல எஞ்சினுல சுத்துற எல பட்டா அம்புட்டையும் செரச்சுப் போட்டுரும். அதனால பப்பாளி. சிலிண்டர எம் ரெண்டு காலுக்கு எடையில பச்சப்புள்ளையப் படுக்கப் போட்ட மாதிரி போட்டு, முன்னால அவ, பின்னால நான், துடுப்பு போட்டு வருவோம். வந்ததும் அவ வெறும் ஆளா எறங்குவா, நான் சிலிண்டர மெள்ள எறக்கிக் குடுப்பேன், தண்ணில கெடந்தபடியே முதுகுல மாட்டிக்கிடுவா. மேல வச்சு மாட்டுனா பப்பாளி கவுந்து ரெண்டு பேரும் சோடியா ஏசுவப் போயிப் பாக்க வேண்டியதுதான்.

அறுந்த வல எடுக்கதுதான் வேல. நம்ம ஆளுக போட்டு, பாருல மாட்டி அறுந்த வல. வலைக்குத் தெரியுமா, போட்டவன் கரையேறிட்டான்னு. அது பாட்டுக்கு அங்கனயே கெடந்து மீனப் புடிச்சு, நண்டப் புடிச்சு, ஆமையப் புடிச்சு, யாருக்கும் குடுக்காம அழுக விட்டுக்கிட்டே கெடக்கும். ஜெனோவா சின்ன வயசுலேந்து பாசி பறிக்கப் போனவ, மூச்சப் புடிச்சு முங்குனா எப்ப வருவான்னு நம்ம மூச்சு நின்னுரும். அவ முங்குறதப் பாத்துட்டுத்தான் ஆராய்ச்சி ஆபீஸ்லேந்து விபின் சாரு கூப்புட்டாரு, சிலிண்டர் மாட்டப் படிச்சுக் குடுத்தாரு. என்னையும் பாத்தாரு, எம் பாழாப்போன காதையும் பாத்தாரு, பொறவு "அண்ணே, நீங்க மேல உக்காந்துக்கோங்க"ன்னாரு. உக்காந்துட்டேன். எப்பவும் ரெண்டு பேரா எறங்கணும், சாரு தனியா ஒரு பப்பாளில கூட வருவாரு. இன்னைக்கு அவருக்குச் சளி. மூக்கடச்சவன் முங்கப்படாதுன்னு அவரே சட்டம் சொல்லிட்டு, நாளைக்கு எடுப்போம்மா, நாளைக்கு எடுப்போம்மான்னாரு. இவ கேக்கணும்லா. "ஒரு துண்டுதான் சார் மிச்சம், இந்தான்னு வந்துருதோம்"ங்கா. சாரு வேண்டாம்னு சொல்ல வாயத் தொறந்தாரு, தும்மல் வந்துட்டு, அவரு தும்மி முடிக்கதுக்குள்ள நாங்க தண்ணில கெடக்கோம். நாந்தான் மொதத் துடுப்பு போட்டேன். சிரிச்சுக்கிட்டே போட்டேன். சிரிப்பு வரத்தான செய்யும், மனுசன் அப்படித் தும்முதாரு.

கொமிழி வருது. சோறு பொங்குன மாதிரி ஒரு எடத்துல குபுகுபுன்னு வருது. நல்லது. வந்துக்கிட்டே இரு. சங்கு குளிக்கையில நமக்குக் கயிறு புடிக்கது மச்சான். பொண்டாட்டி கூடப் பொறந்தவந்தான் புடிக்கணும், அண்ணந்தம்பி புடிக்கப்படாது. இத எவன் யோசிச்சானோ, நல்லா யோசிச்சிருக்கான். அண்ணந்தம்பி மேல நின்னு புடிச்சான்னா, செத்த நேரம் வீட்டடி நெலத்து நெனப்பு வந்தாப் போதும், கை தளந்துரும். மச்சான் அப்படி விடமாட்டான். விட்டான்னா தங்கச்சி புள்ளைகளையும் பெட்டியையும் தூக்கிக்கிட்டு அவன் வாசல்லதான் வந்து நிப்பா. பாசமில்ல, பயம். பாசத்த நம்பிக் கடல்ல எறங்க முடியுமா, பயத்த நம்பித்தான் எறங்கணும். எனக்கு எம் மச்சான் தொபியாசு புடிச்சான், இப்ப மஸ்கட்டுல கிரேன் ஓட்டுதான், அங்கயும் கயிறுதான் புடிச்சுக்கிட்டிருக்கான். சரி, பொம்பள முங்குனா யாரு புடிக்கணும்? அத எவனும் யோசிக்கல. டீக்கடையில கேட்டானுவ, "ஏலே கஸ்பாரு, நீ புடிக்கலாமாலே? மச்சான் விட்டா தங்கச்சி அறுத்துட்டு நிப்பா. புருசன் விட்டா அடுத்த மாசம் புதுமாப்ளலா?"ன்னு. எல்லாத்தையும் விட நாந்தான் சத்தமாச் சிரிச்சேன். அந்தச் சிரிப்போட நின்னிருக்கலாம். இன்னைக்குச் சிலிண்டர எறக்கிக் குடுக்கையில இவகிட்டயே சொன்னேன், "ஏட்டி, நீ வரலன்னா ஒந் தங்கச்சி ரெஜினாவக் கேட்டுருவேன் பாத்துக்க"ன்னு. தண்ணிய எம் மூஞ்சில துப்பிட்டுச் சொன்னா, "ஒம்மக் கட்டுறதுக்கு அவ அந்த வலையில போயி விழுந்துருவா"ன்னு. நல்லாத்தான் சிரிச்சோம். இப்ப எதுக்கு அது திரும்பத் திரும்ப வருது. வலையில போயி விழுந்துருவா. சவம், நல்ல வார்த்தையா ஒண்ணு நெனைக்கக்கூடாதா. மதியத்துக்குச் சாளப்புளிமுளம். ஆங். சாள, புளி, மொளவா. மொளவா போதாதும்பா. வலையில போயி.

காத்து மாறுது. மூஞ்சிக்கு நேரா சூடா அடிக்கி, கச்சான். கரையிலேந்து வர்ற காத்து, மணலையும் அடுப்புக்கரியையும் மணத்திக்கிட்டு வரும். இது வந்தா தண்ணி மொகம் சுருங்கிப் போவும், கெழவிக் கன்னம் மாதிரி. சுருங்குனா கொமிழி தெரியாது. அந்தா இருக்கு. இல்ல, அது அல ஒடஞ்ச நொர. அந்தா. அதுவும் நொர. ஏ மாதாவே, இவ்வளவு நொரய எதுக்குப் படச்ச, எனக்கு வேண்டியது ஒரு கை அளவுதான். பரவால்ல, கயிறு இருக்கு. சாரு கணக்குல கயிறே கெடயாது. காத்து எம்புட்டு இருக்குன்னு காட்ட முள்ளு இருக்கு, மேல வர்றதுக்குக் காத்தடிக்கிற சட்ட இருக்கு, வல அறுக்கவும் தப்பிக்கவும் கெண்டக்கால்ல கத்தி இருக்கு, எதுக்குண்ணே கயிறும்பாரு. வல கெடக்கிற எடத்துல கயிறு கொண்டுபோனா அதுவே சிக்கிக்கிடும்னாரு. சரிதான். ஆனா அவரு ஒரு நாளாவது மேல உக்காந்து பாத்தாரா? மொத நாளு நான் கையில ஒண்ணுமில்லாம உக்காந்திருந்தேன். கை ரெண்டுக்கும் என்னத்தப் புடிக்கன்னு தெரியல, தொடையப் புடிக்கி, துடுப்பப் புடிக்கி, மூக்கப் புடிக்கி. அவ வர்றதுக்குள்ள எம் மூக்கு பிஞ்சு போச்சு. மறுநாளு கெஞ்சுனேன். "ஏட்டி, ஒரு நுனி ஒம் பெல்ட்டுல கெடக்கட்டும், ஒரு நுனி எங்கிட்ட கெடக்கட்டும்"ன்னேன். "நான் என்ன ஆடா, மேய விட்டுக் கட்டுறதுக்கு?"ன்னா. "ஆடுன்னா கத்துமேட்டி, நீ உள்ள போனா கத்தவும் மாட்டேங்க"ன்னேன். செத்த நேரம் எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. பொறவு சாரத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி என்னமோ சொன்னா, சாரு என்னத் திரும்பிப் பாத்தாரு, சரிண்ணே கட்டுங்கன்னாரு. அன்னையிலேந்து கயிறு. ஒரு நுனி பப்பாளி மூக்குல இருக்க வளையத்துல முடிச்சு, எடையில எங் கையி, மறு நுனி அவ. மெல்லிசா விரல்ல துடிக்கும். அவ மூச்சு விடுததே எங் கையில தெரியும். இப்ப வலையப் பாத்துட்டா, இப்ப கத்திய உருவுதா, இப்ப ஒரு மீனப் பாத்து நின்னுக்கிட்டு வேலயப் பாக்காம இருக்கா. எல்லாம் தெரியும் எனக்கு. டீக்கடையில சொன்னா சிரிப்பானுவ. அவனுவ கெடக்கானுவ, ஒரு பொம்பள மூச்ச இவ்வளவு கிட்டத்துல கேட்டிருப்பானுவளா.

இன்னைக்குத் துடிப்பு இல்ல. கயிறு வெறச்சுக் கெடக்கு. விரல வச்சுச் சுண்டுனா வீண மாதிரி டிங்குங்கும் போல இருக்கு, அவ்வளவு வெறப்பு. நீவாடு இன்னைக்குக் கூடுதல், தண்ணி ஆத்துல ஓடுத மாதிரி ஓடுது, பப்பாளி மூக்குல பட்டு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போவுது. நல்லா வேகமாத்தான் போவுதோம்னு நெனச்சேன். போவல. தீவுல அந்த ஒத்தப் பன மாறவே இல்ல, அதே எடத்துல நிக்கி. தண்ணி ஓடுது, பப்பாளி நிக்கி. நான் துடுப்பு போடல. துடுப்பு எம் மடியில கெடக்கு. வள்ளத்துல பொறந்தவனுக்கு இது தெரியாதா, தோணி மூக்கத் தூக்கிக்கிட்டு இப்படி நின்னா கீழ நங்கூரம் கெடக்குன்னு அர்த்தம். நங்கூரம் நாங்க போடல. பவளம் ஒடையும்னு போடப்படாது, பப்பாளில நங்கூரமே கெடயாது. அப்ப கீழ கெடக்க நங்கூரம் யாரு? இல்ல. அப்படி இல்ல. அவ நீந்திக்கிட்டிருப்பா, எதுத்து நீந்துவா, அவளுக்குக் காலு நல்ல காலு. எவ்வளவு நல்ல காலா இருந்தாலும் ஓடுத தண்ணில ஒரு ஆளையும் தோணியையும் ஒருத்தி நீந்தியே நிப்பாட்ட முடியுமாலே, கோட்டிக்காரா. நீந்துத ஆளு ஆடுவா, அசைவா, கயிறு தளரும், இறுகும். இது அசையல. அசையாத ஒண்ணுல கயிறு மாட்டியிருக்கு, அந்தக் கயித்துல அவ இருக்கா. வலையில மாட்டியிருக்கு. கயிறு வலையில, வல அவமேல, அவ பாருல. சாரு சொன்னாரு. சாரு சொன்னாரேலே. நாந்தான் கட்டுனேன். ஆட்டக் கட்டுத மாதிரி எங் கையாலயே முடிச்சுப் போட்டேன்.

இழுக்கட்டா. தொபியாசு இழுத்தான் என்ன. அந்தச் சங்கு அந்தா கைக்கெட்டுத தூரத்துல கெடந்துச்சு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போனேன், காதுக்குள்ள ஒரு பட்டாசு. அதுக்குப் பொறவு மேல எது கீழ எதுன்னு தெரியல, கடலு பூராவும் ராட்டினம் சுத்துன மாதிரி சுத்துச்சு, நான் மேல வர்றேன்னு நெனச்சு மணல முட்டுறேன். இடுப்புல ஒரு இழுப்பு. அவ்வளவுதான் தெரியும். அவன் யோசிக்கல, இழுத்தான். சொத்து, தங்கச்சி, பயம் எல்லாம் சும்மா, அவன் இழுத்தான், நான் இருக்கேன். அப்ப நானும் இழுக்கணும். ஆனா நான் வலையில இல்லையேலே அன்னைக்கு. வலையில கெடக்க ஒண்ண இழுத்தா என்னாவும்னு எனக்குத் தெரியாதா, இழுக்க இழுக்க இறுகும், செவுளு வரைக்கும் ஏறும். வாயில கவ்வியிருக்க ரப்பரு வல பட்டு வழுகிப் போயிட்டா? கத்தி இருக்க காலே மாட்டியிருந்தா? இழுக்கப்படாது. அப்ப விடட்டா. விட்டா எங் கையில என்ன இருக்கு. புருசன் விட்டா அடுத்த மாசம். வாய மூடுலே. நான் சொல்லல, நெனப்புதான் சொல்லுது. நெனப்புக்கு வாயடைக்க ரப்பரு யாரும் கண்டுபிடிக்கலியே. துடுப்பால பப்பாளி வயித்துல ஓங்கி அடிக்கேன், டொம்மு டொம்மு டொம்முன்னு. மூணு அடி அடிச்சா மேல வரணும், அது சட்டம், தண்ணிக்குள்ள சத்தம் நல்லாப் போவும். அடிக்கேன். வரல. எப்படி வருவா. போன வாரம் இதே மாதிரி மூணு அடி அடிச்சேன், பதறிக்கிட்டு மேல வந்தா, "மூக்குப்பொடி வச்சிருக்கியாட்டி, ஒரு சிமிட்டா குடு"ன்னேன். பப்பாளில கெடந்த பொடி டப்பிய எடுத்து எம் மண்டையிலயே எறிஞ்சா. இப்ப கேட்டிருப்பா, கேட்டுட்டு, இந்த மனுசனுக்கு வேற வேல இல்லன்னு போயிருப்பா. அப்படிப் போயிருந்தா நல்லது. அப்படியே இருக்கட்டும். என்னத் திட்டிக்கிட்டே கீழ உயிரோட இருக்கட்டும். இல்ல, கேட்டும் வர முடியாம இருக்காளா.

தலையத் தண்ணிக்குள்ள விட்டுப் பாக்கேன். பாழாப்போன காதுக்குள்ள கடலு ஊசி மாதிரி ஏறுது, தல கிறுகிறுங்கு, பப்பாளி விலாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் பாக்கேன். பச்ச. கலங்குன பச்ச. கயிறு சாய்வா எறங்கி எறங்கிப் போவுது, ஒரு எடத்துக்கு மேல கயிறும் பச்சயாயிருது. முடிவு தெரியல. குதிச்சா? குதிச்சா நானும் மணல முட்டிக்கிட்டுச் சுத்துவேன், அவ வந்தா ஏறுறதுக்குப் பப்பாளியும் இருக்காது. உக்காந்திருக்கதுதான் எனக்கு வேல. உலகத்துலயே சுளுவான வேல, சின்னப் புள்ள செய்யும், ஒரு மூட்ட உப்பு செய்யும். "ஜெனோவா"ன்னு கத்துதேன். கச்சான் அந்தப் பேர எடுத்து நடுக்கடலுக்குக் கொண்டு போவுது. அல தூக்கும்போது பப்பாளி வெடுக்குன்னு பின்னால போவுது, கயிறு படீர்னு இறுகுது. வெடுக்கு. படீர். வெடுக்கு. படீர். அப்பத்தான் மண்டையில ஏறுது. ஏ பாவி, இழுக்கட்டா விடட்டான்னு என்னத்த யோசிக்க, இழுத்துக்கிட்டுத்தான இருக்கேன். நான் இழுக்கலன்னாலும் பப்பாளி இழுக்குது. நான் ஒரு மூட்ட உப்பு மாதிரி இதுல உக்காந்து, ஒவ்வொரு அலைக்கும் அவள இழுத்துக்கிட்டிருக்கேன். கத்திய எடுக்கக் குனிவா, நான் வெடுக்குன்னு இழுப்பேன். முடிச்ச அவுக்கக் கைய வைப்பா, நான் படீர்னு இறுக்குவேன்.

அப்ப விடணும். அவளுக்கு நான் செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான் இருக்கு, விடுதது. முடிச்சு ஊறி உப்பி இரும்பு மாதிரி கெடக்கு. நகம் பிஞ்சு போவுது. பல்லால கடிக்கேன், உப்பு, சணல் மாதிரி நாரு, ரெத்தம். நல்லாத்தான் கட்டியிருக்கேன், கயிறு கட்ட என்னக் கேட்டுத்தான் கத்துக்கிடணும். தொபியாசு, எலே மச்சான், இப்ப நீ இங்க நின்னா என்ன செய்வ. இழுப்பியா. நீ இழுப்ப. ஒனக்குத் தங்கச்சி. எனக்கு யாருன்னு எனக்குச் சொல்லத் தெரியல மச்சான், பொண்டாட்டிதான், எல்லாருக்கும் இருக்கா, ஆனா எனக்கு அவ மேல கெடந்து என்னத் திட்டணும். தளந்துட்டு. ஒரு சுத்து. இன்னொரு சுத்து. நுனி எங் கையில இருக்கு, இனி விரலத் தொறந்தாப் போதும். விரலு தொறக்கல. தொறலே. தொறந்துட்டேன். உள்ளங்கைய வழிச்சுக்கிட்டுப் போயிட்டு. தண்ணி மேல செத்த நேரம் வாலு மாதிரி நெளிஞ்சுது, பொறவு அதுவும் பச்சையாயிட்டு.

பப்பாளி திரும்புது. விட்ட நொடியே மூக்கத் திருப்பிக்கிட்டு ஓடுது, கச்சானும் நீவாடும் சேந்து தள்ளுது. இவ்வளவு நேரம் எந்த எடத்துல நின்னேன்? ஒத்தப்பன அந்தா நகருது, எந்தப் பக்கம் இருந்துச்சு, எடதா வலதா. துடுப்பு போடுதேன், போடப் போட அங்கனயே நிக்கேன், நிறுத்துனாப் பின்னால போவுதேன். அந்த எடமும் இந்த எடமும் ஒரே தண்ணியா இருக்கு. இங்கனயா. அங்கனயா. நொர, நொர, நொர. ஒரு காக்கா போடக் கூடாதா ஒரு அடையாளம். கயிறு இருந்தாலாவது அது போற எடத்துல அவ இருக்கான்னு இருக்கும். செத்தாலும் அந்தக் கயித்து நுனியில இருக்கான்னு. அதையும் விட்டேன். புத்தியோட விட்டனா பயந்து விட்டனா? கையி வலிக்கின்னு விட்டனா? சாரு கேப்பாரு. அவ தங்கச்சி கேப்பா. தொபியாசு போன்ல கேப்பான், கயிறு எங்கலே மச்சான்னு கேப்பான். என்ன சொல்லுவேன். சொல்லுறதுக்கு எப்பவும் ஒண்ணு வச்சிருப்பேனே, நாக்கு நுனியில. தேடிப் பாக்கேன். அங்க உப்பும் ரெத்தமுந்தான் இருக்கு. துடுப்பு போடு. துடுப்பு போடு. மாதாவே. துடுப்பு போடு.

விசிலு. வலதுபக்கம். நொரைக்கு நடுவுல கறுப்பா ஒரு மண்ட, ஒரு கை ஆடுது. ஆளுதானா, கட்டையா. கட்ட விசிலடிக்காது. தண்ணி எதுத்துத் தள்ளுது, தோள்பட்ட கழண்டு விழுந்துரும் போல இருக்கு, போடுதேன், போடுதேன். கிட்ட வர வர அந்த மண்டக்கு வாயி வருது, வாயிலேந்து சத்தம் வருது, என்னத்தான் திட்டுது.

"ஏன் கயித்த விட்டீரு? மேல வந்து பாத்தா தோணியக் காணும், ஆளக் காணும். கரைக்கி நடந்து போவணுமா நான்?"

ஒரு கையில வலத் துண்டு, சுருட்டிப் புடிச்சிருக்கா. மறு கையால பப்பாளி விலாவப் புடிச்சா. நான் அந்தக் கையப் புடிச்சேன்.

"மாட்டிக்கிட்டன்னு நெனச்சேன்" ங்கேன்.

"நான் எங்கன மாட்டுனேன்? பாறைக்கு அந்தப் பக்கம்லா கெடந்தேன்."

"கயிறு அசையலட்டி. இழுத்துப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

"நிக்காம? கல்லுல கட்டிப் போட்டா எப்படி அசையும்?"

"கல்லுலயா?"

"வலைக்குள்ள கயித்த இழுத்துக்கிட்டா அலைவாவ? எறங்குனதும் செத்த பவளக்கல்லு ஒண்ணாப் பாத்துக் கட்டிட்டுத்தான் போவேன்."

"இன்னைக்கா?"

மூஞ்சியில இருந்த கண்ணாடிய நெத்திக்கித் தூக்கிவிட்டா. கண்ணச் சுத்தி ரப்பரு பதிஞ்ச வட்டம். என்ன ஒரு மாதிரியாப் பாத்தா. திட்டுத குரலு போயிட்டு.

"என்னைக்கும்" ங்கா. "ஓமக்குக் கையில என்னமாவது இருக்கணும்லா."

அப்ப அந்தத் துடிப்பு. அவ கத்திய உருவுதா, அவ மீனப் பாக்கா, அவ மூச்சு. கல்லு. இத்தன நாளும் கல்லுதான் எனக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கு. சிரிக்கலாம். டீக்கடையில சொன்னா ஒரு வருசத்துக்குச் சிரிப்பானுவ. சிரிப்பு வரல, என்னமோ வருது, அது என்னன்னு தெரியல, மூக்கு வழியா வருது.

"நாளைக்கு வேற கயிறு கொண்டாரும்" ங்கா. "கொஞ்சம் நீட்டமா. இந்தாரும், கைய விடும், ஏறணும்லா."

"விடுதேன்ட்டி"ங்கேன். வாயி சொல்லுது. கை கேக்கல.